அடுத்த கை யாரு, பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. குவாலிட்டி மேனேஜர் ஆயிட்டியாமே! உங்கம்மா போன வாரமே தெரு முழுக்கச் சொல்லிட்டா. ஆம்பூர்ல ஷூ கம்பெனி, கழுத்துல நாடா போட்ட அட்டை, தோள்ல லேப்டாப் பை. ரொம்ப சந்தோசம். எங்க காலத்துல தரத்துக்குன்னு தனியா ஆள் கெடயாது. தப்பு வந்தா மேஸ்திரி வாயில விழுவோம், அதோட தீர்ந்துடும். இப்போ பாரு, தப்பு பண்ண ஒரு டிபார்ட்மெண்ட், அதைக் கண்டுபுடிக்க ஒரு டிபார்ட்மெண்ட், கண்டுபுடிச்சதை அழகா டைப் அடிச்சு மூடி வைக்க ஒரு டிபார்ட்மெண்ட். மூணாவதுக்கு மட்டும் ஏசி. நாடு முன்னேறாம இன்னா பண்ணும்?

நான் டேனரியில மேசைமேல தோலை விரிச்சு, இது ஒண்ணாம் நம்பர், இது ரெண்டு, இது கழிசல்னு தரம் பிரிச்சே முடி நரைச்சவன். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறினது, உரிக்கும்போது கத்தி பட்டது, எல்லாம் விரல் நுனியில தெரியும். உன் புஸ்தகத்துல இருக்கிறது எனக்குத் தெரியாது. பேத்தி வாசிச்சுக் காட்டினதுதான். ஆனா வேலையில நீடிச்சு நிக்கறதுக்கு வழி கேட்டு வந்திருக்கே. அது எனக்கு நல்லாத் தெரியும். சொல்றேன், குறிச்சுக்கோ.

மொதல்ல சுவரைப் பாரு. காலியா இருந்தா உடனே பெயிண்டரைக் கூப்பிடு. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘பூஜ்ஜியக் குறையே நம் இலக்கு’ன்னு எழுதச் சொல்லு. சரக்கு மட்டமா ஆவ ஆவ எழுத்து பெருசாவணும், அதுதான் கணக்கு. டெமிங்னு ஒரு அமெரிக்காக்காரரு. 1950ல ஜப்பானுக்குப் போய் அங்க இருந்த பெரிய பெரிய கம்பெனிக்காரங்களை உக்கார வெச்சுப் பாடம் எடுத்தவரு. அந்தப் பாடத்தைப் புஸ்தகமாப் போட்டு வந்த பணத்தையும் வேணாம்னுட்டாரு. அந்தப் பணத்துலதான் அடுத்த வருசம் ஜப்பான்காரன் அவர் பேர்ல ஒரு பரிசே வெச்சான். அவரு பின்னால சொன்ன பதினாலு புத்திமதியில ஒண்ணு, ‘சுவத்துல வாசகம் எழுதி ஆளை உசுப்பாதே’ன்றது. தப்புல பெரும்பங்கு வேலை நடக்கிற முறையில இருக்கு, முறை மேல இருக்கிறவன் கையில இருக்கு, கீழ இருக்கிறவனுக்கு வாசகத்தைக் காட்டி இன்னா பிரயோசனம்னு கேட்டாரு. அந்த ஆளு பேச்சை மட்டும் கேட்டுடாதே. பெயிண்டரு பொழப்பு இன்னா ஆவறது?

அடுத்தது ஆடிட்டு. ஆடிட்டர் வர்ற தேதி முன்னாலயே தெரியும். தரையில மஞ்சக் கோடு புதுசா அடி. கையுறை, மாஸ்க் எல்லாம் கவர் பிரிக்காம ஸ்டோர்ல இருக்கும் பாரு, அதை அன்னிக்குக் காலையில குடு, சாயங்காலம் எண்ணி வாங்கிக்கோ. தீயணைக்கிற சிலிண்டர்ல ஒரு அட்டை தொங்கும், மாசாமாசம் கையெழுத்து போடணும். பன்னெண்டு மாசத்துக்கும் ஒரே பேனாவுல போட்டுடாதே. நீலம், கறுப்பு, நடுவுல ஒரு மாசம் கொஞ்சம் மை தீர்ந்த பேனா. கம்பெனி கம்பெனியா நான் பார்த்த கலை இது. எந்தக் கம்பெனின்னு கேக்காதே, நானும் சொல்ல மாட்டேன். உன் கம்பெனியில இதெல்லாம் நடக்காதுன்னு எனக்குத் தெரியும். நடந்தாலும் உன் காதுக்கு வராது. மேனேஜருக்கு ரூம் கொடுக்கிறதே அதுக்குத்தானே?

சிரிக்காதே. ஐஎஸ்ஓ 9001 நல்ல சமாச்சாரம்தான். 1987ல வந்தது, அப்புறம் 2015 வரைக்கும் நாலு தடவை திருத்தினாங்க, 2015ல செஞ்சது பெருசு. அது கேக்கிறது சின்னக் கேள்வி: இன்னா செய்யப்போறேன்னு எழுதி வெச்சியா, எழுதினபடி செஞ்சியா, செய்யாததைக் கண்டுபுடிச்சுத் திருத்தினியா? மூணே மூணு. நம்ம ஆளு மொத கேள்விக்கு நாப்பது ஃபைல் போடுவான். ரெண்டாவதுக்குக் கையெழுத்து போடுவான். மூணாவதுக்கு ஆடிட்டரை பிரியாணி சாப்பிடக் கூட்டிட்டுப் போயிடுவான். அதுவும் ஆம்பூர்ல ஆடிட்டு வெச்சா ஆடிட்டருக்கே கொஞ்சம் சந்தோசம்தான்.

சரி, இப்போ உன் எடத்துக்கு வருவோம். லைன் கடைசியில ஒரு செக்கிங் மேசை. டியூப் லைட்டு வெளிச்சம். மேசைக்குப் பின்னால ஒரு பொண்ணு, பேரணாம்பட்டுப் பக்கம் ஏதோ கிராமத்துலேர்ந்து விடியறதுக்குள்ள எழுந்து கம்பெனி வேன்ல வந்திருக்கும். அது கையில ஒரு ஸ்டிக்கர் ஷீட்டு, சிவப்பு அம்புக்குறி, நகம் அளவுதான். அப்பர்ல தையல் தாண்டியிருந்தா, பசை வெளிய தெரிஞ்சா, தோல்ல கீறல் இருந்தா, அந்த எடத்தைக் காட்டி ஒரு அம்பு ஒட்டும். உன் கம்பெனியில தரம்னு ஒண்ணு இருந்தா அது அந்த அம்புலதான் இருக்குது. உன் லேப்டாப்புல இல்ல.

மாசக் கடைசி வரும். கன்டெய்னர் வாசல்ல நிக்கும். அம்பு ஒட்டின ஜோடி ரெண்டு ராக்கு நிறைஞ்சு கிடக்கும். அப்போ சூப்பர்வைசர் வந்து இன்னா சொல்றான்னு பாரு. ‘இன்னா பாப்பா, ஸ்டிக்கரு சும்மாக் கெடைக்குதுன்னு ஒட்டிக்கினு இருக்கியா?’ அவ்வளவுதான். அதட்டல்கூட இல்ல. மறுநாளிலேர்ந்து அம்பு பாதியாக் குறைஞ்சிடும். நீ அதைப் பச்சைக் கலர்ல கிராஃப் போட்டு, ‘ரிஜெக்ஷன் 50 சதவீதம் குறைந்தது’ன்னு மீட்டிங்ல காட்டுவே. எல்லாரும் கை தட்டுவாங்க. உனக்கு இன்க்ரிமெண்ட்டு. அந்தச் செருப்பு கப்பல் ஏறிப் போய், ஆறு வாரம் கழிச்சு மெயிலாத் திரும்பி வரும். அதுக்குள்ள நீ வேற கம்பெனிக்கு மாறிக்கோ. அதான் கெட்டிக்காரத்தனம்.

டெமிங் சொன்னதுல இன்னொண்ணு, பயத்தை விரட்டுன்றது. டொயோட்டாவுல லைன் பக்கத்துல ஒரு கயிறு தொங்குமாம். தப்பு தெரிஞ்சா எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், சூப்பர்வைசர் ஓடி வருவான், சரியாவலைன்னா லைனே நின்னுடும். பேத்தி இதைப் படிச்சுக் காட்டினப்போ நான் நம்பலை. நம்ம ஊர்ல அப்படி ஒரு கயிறு கட்டினா ஒரே வாரத்துல அதுல கர்ச்சீப் காயும்.

கடைசி மேசையில எவ்வளவு பார்த்தாலும் தோல் நல்லதாயிடாது கண்ணு. அண்டாவுல தம் போட்டு மூடியாச்சு. திறந்து பார்த்துட்டு சீரகச் சம்பா பத்தலை, உப்பு தூக்கல்னு சொல்றதுக்கு ஒரு ஆளை நிக்க வெச்சா பிரியாணி மாறுமா? தப்பு ஒரு எடத்துல பொறக்கும், வேற எடத்துல கண்ணுக்குத் தெரியும். தோல்ல இது ரொம்ப அதிகம். ஈர வேலையில பொறக்கிறது, ஃபினிஷிங் தாண்டி, கட்டிங் தாண்டி, ஷூ கட்டையில இழுத்துப் பிடிக்கும்போதுதான் வாயைத் திறக்கும்.

உனக்கு ஒரு ‘ஏன்’ கதை சொல்றேன். உங்க ஃபாரத்துல அஞ்சு ‘ஏன்’ போடணுமாமே. ஜப்பான்லேர்ந்து வந்ததாம். நல்ல பழக்கம். ஆனா நம்ம ஊர்ல நிரப்பின ஃபாரம் பத்து எடுத்துப் பாரு. பத்துலயும் காரணம்: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’. பத்துலயும் நடவடிக்கை: ‘அறிவுரை வழங்கப்பட்டது’. ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கலாம், தேதி மட்டும் மாத்தினாப் போதும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துல ஷூவோட மூக்குல தோல் வெடிச்சது. லாஸ்டிங் மெஷின்ல இழுக்கும்போது மேல்படலம் மட்டும் பொடிசாக் கீறுது. மொத ‘ஏன்’: மெஷின் ஆபரேட்டர் சூடு அதிகம் வெச்சுட்டான். எழுதியாச்சு, மெமோ குடுத்தாச்சு, கேஸ் முடிஞ்சது. அடுத்த லாட்டும் வெடிச்சது. சூட்டைக் குறைச்சாங்க, அப்பவும் வெடிச்சது. அங்க ஒரு வயசான ஃபோர்மேன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. ‘சூட்டை விடுங்க, தோல் எங்கேர்ந்து வந்தது?’ன்னு நூல் புடிச்சுக்கினு டேனரிக்கே போயிட்டாரு. அந்த லாட்டு சாயமும் திட்டுத் திட்டா ஏறியிருந்தது, அதை மேல ஸ்பிரே அடிச்சு மறைச்சிருந்தாங்க. ஏன் திட்டு? தோல்மேல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. ஏன் படிஞ்சது? சுண்ணாம்புலேர்ந்து எடுத்த தோலை உடனே வேலைக்குப் போடாம காத்துல குமிச்சு வெச்சுட்டாங்க. காத்து பட்டா அந்தச் சுண்ணாம்பு கல்லாயிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் லேசுல போவாது, மேல்படலம் சொரசொரத்து நொறுங்கும். ஏன் குமிச்சாங்க? சதை வழிக்கிற மெஷின் நின்னு போச்சு. ஏன் நின்னுச்சு? கத்தி தேஞ்சு போச்சு, புதுசு கேட்டு இன்டென்ட் போட்டு ஒரு மாசமா பர்ச்சேஸ்ல தூங்குது. ஏன் தூங்குது? ‘இந்தக் குவார்ட்டர்ல செலவைக் குறை’ன்னு மேலேர்ந்து உத்தரவு.

பார்த்தியா? சரியாக் கேட்டா அஞ்சாவது ‘ஏன்’ முதலாளி ரூம் கதவுல போய் முட்டும். அதனாலதான் எல்லாரும் மொத ‘ஏன்’லயே உக்காந்துக்கறாங்க, அங்க ஒரு ஆபரேட்டர் இருக்கான், அவனுக்குக் கதவு கெடயாது. நீ பொழைக்கத் தெரிஞ்சவன்னா நீயும் அங்கயே நிறுத்திக்கோ.

அந்த ஃபோர்மேனுக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கிறியா? கத்தி வந்தது. அவருக்கு ‘ஒத்துழைப்பு குறைவு’ன்னு அப்ரைசல்ல எழுதினாங்க.

டேனரியில தரம் பார்க்கறதுன்றது பெரிய வித்தை இல்ல பேராண்டி, தைரியம்தான் வித்தை. சுண்ணாம்பு முழுசாப் போச்சான்னு பார்க்கணுமா, தோலோட தடிச்ச எடத்துல ஒரு துண்டு அறுத்து, அறுத்த பக்கத்துல ஃபீனால்ஃப்தலீன் ரெண்டு சொட்டு விடு. நடுவுல ரோஸ் கோடு தெரிஞ்சா உள்ள இன்னும் சுண்ணாம்பு இருக்குது, ட்ரம்மை ஓட விடு. குரோம் ஏறிச்சான்னு பார்க்கணுமா, துண்டை வெட்டிக் காகிதத்துல அதோட ஓரத்தை வரைஞ்சுக்கோ, கொதிக்கிற தண்ணியில போட்டு எடு, திரும்பக் கோட்டு மேல வை. சுருங்கியிருந்தா பதம் வரலை. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம் ஆவாது. ஆனா ரோஸ் கோடு தெரிஞ்சப்புறம் ‘ட்ரம் இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும்’னு, ஷிஃப்ட் முடியற நேரத்துல, லாரி நிக்கும்போது சொல்றியே, அதுக்குத்தான் தரம்னு பேரு. பாட்டிலு விலை கம்மி.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது தாத்தான்னு சொல்லாதே. இந்தியாவுலயே மொத மொத டெமிங் பரிசு வாங்கினது யாரு? 1998ல நம்ம பாடியில இருக்கிற சுந்தரம் கிளேட்டனோட பிரேக் டிவிஷன். சரி, அது மெட்ராசு, பெரிய எடம்னு விடுவே. 2003ல வாங்கினதுல ஒண்ணு? சோளிங்கர்ல இருக்கிற பிரேக்ஸ் இந்தியா ஃபவுண்டரி. சோளிங்கருன்னா நமக்குத் தெரிஞ்சது 1,305 படி ஏறி நரசிம்மரைப் பார்க்கறதுதான். ஜப்பான்லேர்ந்து வந்தவங்க அந்த ஊர்ல இரும்பு காய்ச்சி ஊத்தற எடத்தைப் பார்த்துட்டுப் பரிசு குடுத்துட்டுப் போனாங்க. ஃபவுண்டரின்னா கரியும் மண்ணும் சூடும். டேனரியைவிட ஒண்ணும் சுகமான எடம் இல்ல. அங்க வேலை பார்த்தவங்களும் இதே வடார்க்காட்டுப் புள்ளைங்கதான். அப்போ நம்ம தண்ணியில, நம்ம ஆளுங்ககிட்ட ஒண்ணும் குறை இல்லைன்னு ஆயிடுதா? சங்கடமான செய்தி. மீட்டிங்ல சொல்லிடாதே.

தோல்காரன் தரத்தைக் கத்துக்கினதே வேற வழியில. அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. 1989 கடைசியில ஜெர்மனிக்காரன் ஒரு சட்டம் போட்டான். பென்டாகுளோரோஃபீனால்னு ஒரு மருந்து, தோல்ல பூஞ்சை புடிக்காம இருக்கப் போடறது. கிலோவுக்கு அஞ்சு மில்லிகிராமுக்கு மேல இருந்தா உன் தோல் எங்க ஊருக்குள்ள வரக்கூடாதுன்னான். நம்ம ஆளுங்களுக்குத் தலைகால் புரியலை. பாதிப் பேருக்குத் தன் தோல்ல அது இருக்கிறதே தெரியாது. டப்பாவுல வேற பேர்ல வந்தது. மெட்ராஸ் அடையாறுல சிஎல்ஆர்ஐ இருக்கே, 1948லேர்ந்து தோலுக்குன்னே இருக்கிற ஆராய்ச்சி நிலையம், அங்க மாதிரியைத் தூக்கிக்கினு ஓடினாங்க. மருந்தை மாத்தினாங்க. மூச்சு விடறதுக்குள்ள 1994ல அடுத்தது, சில அசோ சாயங்களுக்குத் தடை. சாயப் பெட்டியையே தலைகீழாக் கவுத்துப் பார்க்க வேண்டியதாப் போச்சு. மாத்தினாங்களா? மாத்தினாங்க. முடியாது, கட்டுப்படியாவாதுன்னு ஊரே சொன்ன வேலை கொஞ்ச வருசத்துல முடிஞ்சது. ஏன்னா பையர் வாங்க மாட்டேன்னுட்டான். பையர் ‘வேணாம்’னு ஒரு வார்த்தை சொன்னா நம்ம முதலாளிக்கு வர்ற அறிவு இருக்கே, அது எந்த டிரெயினிங்லயும் வராது.

2015 மே மாசத்துலேர்ந்து ஐரோப்பாவுல இன்னொரு கணக்கு. குரோமியம் ஆறு, கிலோவுக்கு மூணு மில்லிகிராம், அதுக்கு மேல கூடாது. டேனரியில நாம போடறது மூணாம் வகைக் குரோமியம், அது சாது. சூடு, கார நீர், சில மீன் எண்ணெய்க் கொழுப்பு எல்லாம் சேர்ந்தா அதுல ஒரு துளி ஆறாவதா மாறிக்கும். ஷூ கன்டெய்னர்ல வெயில்ல கடல் தாண்டிப் போவுது பாரு, அதுக்காகவே சோதனைக்கு முன்னால தோலை எண்பது டிகிரியில ஒரு நாள் வாட்டிட்டுப் பார்க்கறாங்க. அப்படி மாறாம தடுக்கிறதுக்குக் கைகுடுக்கிற சாமான்ல ஒண்ணு எது தெரியுமா? மரப்பட்டைச் சத்து. எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதம் பண்ணினாங்க. நாகரிகம் வந்து அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, இப்போ அதே சரக்கை வெளிநாட்டுப் பேர்ல மூட்டையில வாங்கிப் போட்டுக்கினு இருக்காங்க. அந்த மூட்டைக்கும் ஐஎஸ்ஓ சர்டிபிகேட்டு உண்டு.

இப்போ உன்னை ஒண்ணு கேக்கறேன். உங்க புஸ்தகத்துல ஜப்பான்காரன் சொன்ன இன்னொரு சங்கதி இருக்குமே, ‘அடுத்த வேலை செய்யறவன்தான் உன் கஸ்டமர்’னு? உப்பு போடறவனுக்குச் சுண்ணாம்புக்காரன் பையர். சுண்ணாம்புக்காரனுக்குக் குரோம் ட்ரம்காரன். ஃபினிஷிங்காரனுக்குக் கட்டிங்ல டை வெச்சு வெட்டறவன். வெட்டறவனுக்குத் தையல் மெஷின்ல உக்காந்திருக்கிற பொண்ணு. அடுத்த கை எதுவோ, அதுகிட்டப் போய் ‘நான் குடுத்தது சரியா இருந்ததா?’ன்னு கேளு, அவ்வளவுதான் தரம்னான். இதைவிடச் சுருக்கமா யாரும் சொன்னதில்ல. ஒத்துக்கறேன்.

அப்போ சொல்லு. டேனரியிலேர்ந்து வெளிய போறது தோல் மட்டுமா? தண்ணியும் போவுது. அதுக்கு அடுத்த கை யாரு?

முழிக்கிறே பாரு. ஃபைல்ல இல்லாத கேள்வி.

2019ல வேலூர் மாவட்டத்தை மூணா வெட்டினாங்க. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூருக்குப் போச்சு, ராணிப்பேட்டை தனியாப் போச்சு, பேரணாம்பட்டு வேலூர்லயே நின்னுது. பாலாறு மட்டும் மூணுக்கும் பொது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு குடுத்துது, டேனரித் தண்ணி அந்த ஆத்துல கலக்குதுன்னு வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்குல. கெடுத்தவன் காசு குடுக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டத்துல அழுத்தமா எழுதினது அந்தத் தீர்ப்புதான். நம்ம நாட்டுல எங்க சுற்றுச்சூழல் சட்டம் படிச்சாலும் வேலூர் பேரு வரும், பெருமையாச் சொல்லிக்கோ. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி செலவாவுதுன்னும், டேனரிப் பகுதியில 35,000 ஹெக்டேர் கிட்ட நெலம் முழுசாவோ பாதியாவோ பயிருக்கு ஆவாமப் போச்சுன்னும் அதுல இருக்குது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபா அபராதம். பத்தாயிரம்! நீ கன்டெய்னரை ரெண்டு நாள் லேட்டா அனுப்பினா பையர் வாங்கற அபராதம் இதைவிட ஜாஸ்தி.

அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னா பாவம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஊருக்கு ஊர் வந்துது. ஆர்.ஓ. வந்துது, தண்ணியைக் காய்ச்சி வத்த வைக்கிற மெஷினு வந்துது, ஒரு சொட்டு வெளிய விடாத திட்டம் வந்துது. செலவு நெசமாவே பெருசு. சின்ன டேனரிக்காரன் மூச்சு முட்டினது எனக்குத் தெரியும். ஆனா உப்பு இருக்கே, அது எந்தக் கிருமி தின்னும் தீராது. பச்சைத் தோல் அழுகாம இருக்கப் போட்ட உப்பு, ஊற வைக்கும்போது தண்ணியில வந்துடும், கடைசியில கலப்பு உப்பா மூட்டையில நிக்கும். அந்த மூட்டைக்குப் பையர் கெடயாது. ஊற வைக்கறதுக்கு முன்னால தோலை நல்லா உதறினாலே ஒரு பங்கு உப்பு தரையிலயே விழுந்துடும், பெருக்கி அள்ளிடலாம். கையால செய்யற வேலை. அதை ஒழுங்காச் செய்யறானான்னு பார்க்க எந்த மேனேஜரும் அந்த நாத்தத்துல வந்து நின்னதில்ல. ஏன் நிக்கணும்? உதறாத உப்பைப் பத்தி ஜெர்மனிக்காரன் மெயில் போட மாட்டானே.

கசடுக்கும் பையர் கெடயாது. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல கசடு சேர்த்து வெச்ச தொட்டி, 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியறதுக்குள்ள சுவர் இடிஞ்சுது. பக்கத்து டேனரியில படுத்துத் தூங்கிக்கினு இருந்த பத்துப் பேர் அந்தக் கசடுல செத்தாங்க. ஒன்பது பேர் மேற்கு வங்காளத்துலேர்ந்து வந்தவங்க. இதுல நையாண்டி பண்ண எனக்கு நாக்கு வரலை. ஒண்ணு மட்டும் சொல்றேன்: தோல் மேசையில ஒரு ஊசி முனை ஓட்டை தப்பிச்சுப் போவாத ஊர் இது.

2024 வரைக்கும் இதெல்லாம் பழங்கதைன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. 2025 ஜனவரி 30ல மறுபடியும் அதே கோர்ட்டு, அதே பாலாறு. குடுக்காம விட்ட நஷ்டஈட்டைக் குடுன்னுச்சு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில குழு போடுன்னுச்சு, சுற்றுச்சூழல் ஆடிட்டு பண்ணுன்னுச்சு, கேஸை மூட மாட்டேன், பார்த்துக்கினே இருப்பேன்னும் சொல்லிட்டுது. ஆத்துக்கே ஆடிட்டு. மஞ்சக் கோடு எங்க அடிக்கறதுன்னு நம்ம ஆளுங்க இப்பவே யோசிச்சுக்கினு இருப்பாங்க.

டேனரிக்காரனை மட்டும் திட்டறேன்னு நெனைக்காதே. இந்தத் தோல்தான் எனக்கும் உங்க தாத்தா வீட்டுக்கும் சோறு போட்டுது. எத்தனையோ பொண்ணுங்க வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய வந்து சம்பளக் கவரைக் கையில வாங்கினது இந்த ஷூ கம்பெனிங்களாலதான். அதுங்க நிக்கணும்னுதான் சொல்றேன். தோலுக்கு ஒரு தரம், தண்ணிக்கு ஒரு தரம்னு ரெண்டு கணக்கு வெச்ச எந்தக் கம்பெனியும் மொத கணக்கையும் நெடுநாள் ஒழுங்கா வெச்சதை நான் பார்த்ததில்ல. பொய்க் கையெழுத்து போட்டுப் பழகின கை, சிலிண்டர் அட்டையோட நிக்காது. இப்போ எல்டபிள்யூஜின்னு டேனரிக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம்னு பட்டம் குடுக்கறாங்களே, 2005லேர்ந்து நடக்குது, பெரிய பிராண்டுங்க சேர்ந்து ஆரம்பிச்சது. தண்ணி, மருந்து, கழிவு எல்லாத்தையும் அதுல பார்க்கறாங்க. நல்லது. தங்கம் வாங்கினாலும் சந்தோசம். எடை மட்டும் ஆடிட்டு இல்லாத நாள்லயும் சரியா இருக்கணும்.

நேரமாச்சு, உனக்கு வேன் வந்துடும். கடைசியா ரெண்டு வேலை சொல்றேன், இது கிண்டல் இல்ல.

நாளைக்குக் காலையில நேரா செக்கிங் மேசைக்குப் போ. அந்தப் பொண்ணு பேரைக் கேட்டு வெச்சுக்கோ. ஸ்டிக்கர் ஷீட்டு தீர்ந்தா யார்கிட்டக் கேக்கணும், கேட்டா இன்னா சொல்றாங்கன்னு மட்டும் விசாரி. அது பதில் சொல்றதுக்கு முன்னால சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்குதான்னு கவனி. பார்த்துதுன்னா உன் கிராஃப் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பி.

ரெண்டாவது, உன் ஃபைல்ல ‘கஸ்டமர் புகார்’னு ஒரு பக்கம் இருக்கும். ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கான்னு வரிசையாப் பேர் இருக்கும். உங்க தோல் எந்த டேனரியிலேர்ந்து வருதோ அந்த டேனரிக்குக் கீழ்ப்பக்கம் ஆத்தோரத்துல கெணறு வெச்சிருக்கிற விவசாயி ஒருத்தரைத் தேடிப் புடிச்சு, அவர் பேரையும் அந்த வரிசையில எழுது. புகார் இன்னான்னு அவரே சொல்லுவாரு, உனக்கு டைப் அடிக்கற வேலைதான். எழுதி எடுத்துக்கினு போய் முதலாளிகிட்டக் கையெழுத்து கேளு. போட்டாரா இல்லையான்னு வந்து எனக்குச் சொல்லிட்டுப் போ.